மனச்சோர்வுக்குக் கேட்டமைன்: தருமபுரி, கிருஷ்ணகிரி மருத்துவ நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி முதல்வர்கள், இரு மாவட்டங்களின் மனநலத் திட்ட அலுவலர்கள், மாவட்ட ஆட்சியர்கள்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

அரசு மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். அதில் பெரும்பகுதி அறுவை அரங்கில் கழிந்தது. மனச்சோர்வுக்கு வந்துள்ள புதிய மருந்து என்று இப்போது பேசப்படும் கேட்டமைனை, அந்தப் பேச்சு நம் ஊருக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே சிரிஞ்சில் ஏற்றி மயக்க மருத்துவரிடம் நீட்டியிருக்கிறேன். அந்த மருந்து என் வீட்டுக்குள்ளும் ஒரு நாள் வந்தது. என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் வாரத்தில் ஒரு முற்பகல், மனநல மருத்துவரும் மயக்க மருத்துவரும் ஒரே அறையில் இருக்க வேண்டும். மாத்திரைகளுக்கு இணங்காத மனச்சோர்வுள்ளவர்களைப் பார்த்து, இவருக்குக் கேட்டமைன் பொருந்துமா, மின்னதிர்வுச் சிகிச்சை (ஊரில் 'கரண்ட் வைப்பது' என்பார்கள்) பொருந்துமா, இரண்டுமே வேண்டாமா என்று தீர்மானித்துச் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் கேட்டமைன் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. 'வேண்டாம்' என்று பொறுப்போடு சொல்லக்கூடிய ஓர் இடம்கூட எங்களுக்கு அருகில் கிடைக்கவில்லை என்பதே என் குறை.

மனச்சோர்வு என்ற சொல்லைத் தெரிந்தேதான் பயன்படுத்துகிறேன். 'மன அழுத்தம்' என்று எழுதினால், தேர்வு பயமும் கடன் தொல்லையும் மேலதிகாரியின் ஏச்சும் இந்த நோயும் ஒரே பையில் விழுந்துவிடுகின்றன. பிறகு யாராவது ஒருவர் யோகா செய்யச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். எங்கள் கிராமங்களிலோ அதற்கும் முன்பே 'காத்து கருப்பு', 'செய்வினை' என்று ஆரம்பித்துவிடும். நான் சொல்வது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தூக்கமும் பசியும் ஆசையும் அற்றுப்போய், குளிக்க எழுவதே மலையேற்றமாகிவிடும் நோயை.

என் தம்பிக்கு 49 வயது. பாலக்கோடு பக்கம் எங்கள் கொட்டாயில் தக்காளி வைக்கிறான். அவனுடைய சம்மதத்தைப் பெற்றே இதை எழுதுகிறேன். ஏழு ஆண்டுகளாக இந்த நோய் அவனை விட்டு விட்டுப் பிடிக்கிறது. விலை விழுந்ததால் மனம் உடைந்துவிட்டான் என்றுதான் ஊரார் காரணம் சொன்னார்கள். நானும் நெடுநாள் அப்படியே நம்பினேன். ஆனால் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டிய 2023ஆம் ஆண்டிலும் அவன் கட்டிலை விட்டு எழவில்லை. செடியிலேயே பழம் அழுகியது, கடைசியில் பக்கத்து நிலத்துக்காரர்தான் பறித்து மண்டிக்கு அனுப்பினார். அந்த ஆண்டில்தான் 'அக்கா, இனி எதுக்கு இருக்கணும்?' என்று கேட்டான். வீட்டிலிருந்த பூச்சிமருந்துகளையெல்லாம் அன்றிரவே எடுத்துப் போய் என் வீட்டில் பூட்டி வைத்தேன். செவிலியராக நான் செய்த வேலைகளில் அதுதான் மிகப் பெரியது என்று இப்போதும் நினைக்கிறேன்.

அந்தப் பதற்றத்தில் உறவினர் ஒருவர் மாநில எல்லையை ஒட்டிய ஒரு தனியார் மருத்துவ நிலையத்தைச் சொன்னார். 'ஒரே நாளில் மன அழுத்தம் போய்விடும், ஆறு டிரிப்ஸ் போதும்' என்றார். போனோம். கால் மணி நேரம் பேசினார்கள்; இதுவரை எந்த மாத்திரையை எவ்வளவு நாள், எந்த அளவில் சாப்பிட்டான் என்று கேட்கவில்லை; தைராய்டு பார்த்தீர்களா என்று கேட்கவில்லை; ஆறு தவணைக்கான தொகையை மட்டும் முன்பணமாகக் கேட்டார்கள். ஒரு ஜோடி மாட்டை விற்ற பணம் அது. டிரிப்ஸ் முடிந்து அரை மணி நேரத்தில் கிளம்பச் சொன்னார்கள். நான் எங்கே போனாலும் என் கைப்பையில் இரத்த அழுத்தக் கருவி இருக்கும், பழக்கதோஷம். காத்திருக்கும் நாற்காலியிலேயே கட்டிப் பார்த்தேன், 170/100 காட்டியது. உள்ளே போய்ச் சொன்னதற்கு, 'அது தானா இறங்கிடும்மா' என்று பதில் வந்தது. இறங்கியது உண்மைதான், ஆனால் பேருந்தில் இரண்டு முறை வாந்தி எடுத்த பிறகு.

இனி நான் சொல்லப்போவதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இது நேர்மையான மடலாகாது. மறுநாள் காலையில் என் தம்பி தானாக எழுந்தான். களி கேட்டுச் சாப்பிட்டான். சொட்டுநீர்க் குழாய் எங்கே அடைத்திருக்கிறது என்று பார்க்க வயலுக்குப் போனான். எத்தனையோ மாதமாக நாங்கள் பார்க்காத முகம் அது. அந்த வெளிச்சம் நான்கு நாள் நின்றது. இரண்டாம் தவணைக்குப் பிறகு அதில் பாதிதான் தெரிந்தது. மூன்றாம் வாரம் மறுபடி கட்டில். நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்தால் மீதித் தவணைகளை முடியுங்கள், தேவைப்பட்டால் இன்னும் ஆறு போடலாம் என்றார்கள். அதற்குள் கையிலிருந்த பணமும் எங்கள் நம்பிக்கையும் தீர்ந்துவிட்டன.

கேட்டமைனை 1962இல் அமெரிக்காவின் பார்க் டேவிஸ் நிறுவனத்துக்காக கால்வின் ஸ்டீவன்ஸ் என்ற வேதியியலாளர் உருவாக்கினார். 1970இல் அது மயக்க மருந்தாக ஒப்புதல் பெற்றது. மூச்சை அதிகம் அடக்காது, இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தாது என்பதால் போர்க்களத்திலும் வசதி குறைந்த மருத்துவமனைகளிலும் அதற்கு மதிப்பு உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் 1985 முதல் இருந்துவருகிறது. தீக்காயத்துக்குக் கட்டுப் போடவும், குழந்தைகளுக்கு எலும்பு முறிவைச் சேர்த்து வைக்கவும் நாங்கள் எத்தனை முறை அதை நம்பியிருக்கிறோம் என்பதற்குக் கணக்கில்லை. கண் திறந்திருக்கும், விழி ஆடிக்கொண்டிருக்கும், ஆனால் ஆள் அங்கே இருக்கமாட்டார். தெளியும்போது சிலர் அலறுவார்கள், சிலர் இறந்துபோன தாயோடு பேசுவார்கள். அந்த நேரத்தில் வெளிச்சத்தைக் குறைத்து, சத்தமில்லாமல், கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது எங்கள் மூத்த செவிலியர் எனக்குக் கற்பித்த முதல் பாடங்களில் ஒன்று.

மனச்சோர்வுக்குக் கொடுப்பது அந்த அளவில் இல்லை. மயக்கத்துக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 முதல் 2 மில்லிகிராம் வரை ஒரேயடியாக நரம்பில் போவது வழக்கம். மனச்சோர்வு ஆய்வுகளில் பெரும்பாலானவை கிலோவுக்கு 0.5 மில்லிகிராமை 40 நிமிடத்தில் மெதுவாக ஏற்றுகின்றன. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 30 மில்லிகிராம்தான். வழக்கமான மனச்சோர்வு மாத்திரைகள் செரோட்டோனின் போன்ற மூளை வேதிப்பொருள்களின் வழியாக மெல்ல வேலை செய்து, பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் எடுத்துக்கொள்கின்றன. கேட்டமைன் குளுட்டமேட் என்ற வேறொரு மூளை வேதிப்பொருளின் வழியில் தொடங்குவதாலேயே மணிக்கணக்கில் பலன் தெரிகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 2000இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு கைக்குள் அடங்கும் எண்ணிக்கையிலான நோயாளிகளோடு இது தொடங்கியது. 2006இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில், வேறு மருந்துகளுக்கு இணங்காத 18 பேரிடம் நடந்த ஆய்வில், ஒரே நாளுக்குள் 71 விழுக்காட்டினரிடம் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. ஒரு வாரம் வரை அது நிலைத்தது 35 விழுக்காட்டினரிடம் மட்டுமே. 2013இல் 73 பேரிடம் நடந்த ஆய்வில், தூக்க மருந்தான மிடாசொலமோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மறுநாள் கேட்டமைன் பெற்றோரில் 64 விழுக்காட்டினரும் மிடாசொலம் பெற்றோரில் 28 விழுக்காட்டினரும் தேறியிருந்தனர். என் தம்பி வயலுக்குப் போன காலையும் பிறகு கட்டிலுக்குத் திரும்பிய மூன்றாம் வாரமும் இந்த எண்களுக்குள்ளேயே இருக்கின்றன.

எதிர்ப்பக்கத்தையும் படித்தேன். ஊசி போட்டதும் மிதப்பது போல இருப்பதால், தனக்கு எது கிடைத்தது என்று நோயாளிக்கே தெரிந்துவிடுகிறது. நம்பிக்கை பாதி மருந்தாகிவிடுகிறது. இதைச் சோதிக்க ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் ஒரு நல்ல வழி கண்டார்கள். ஏற்கெனவே வேறு அறுவை சிகிச்சைக்காக மயக்கத்தில் இருந்த, மனச்சோர்வுள்ள 40 பேரில் சிலருக்குக் கேட்டமைனும் சிலருக்கு வெறும் உப்புநீரும் கொடுத்தார்கள். 2023இல் வெளியான முடிவின்படி இரு குழுவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறினார்கள். 2025இல் வெளிவந்த அயர்லாந்து ஆய்வு ஒன்றில், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களுக்கு மிடாசொலத்தைவிடக் கேட்டமைன் குறிப்பிடத்தக்க அளவில் மேலானதாகத் தெரியவில்லை. இவற்றை வைத்து மருந்தே பொய் என்று நான் சொல்லமாட்டேன். 'ஒரே நாளில் போய்விடும்' என்று விளம்பரம் செய்பவர் பொய் சொல்கிறார் என்று சொல்வேன்.

மின்னதிர்வுச் சிகிச்சையோடு ஒப்பிட்டால் என்ன நிலை என்பதிலும் கருத்து இரண்டாக நிற்கிறது. ஸ்வீடனில் 186 உள்நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் மின்னதிர்வு பெற்றோரில் 63 விழுக்காட்டினரும் கேட்டமைன் பெற்றோரில் 46 விழுக்காட்டினரும் நோய் நீங்கினர். 2023இல் வெளியான, 403 பேர் சேர்ந்த அமெரிக்க ஆய்வில், மனப்பிறழ்வு அறிகுறிகள் (இல்லாததைக் காண்பது, கேட்பது போன்றவை) இல்லாதவர்களிடம், கேட்டமைனுக்கு 55.4 விழுக்காடும் மின்னதிர்வுக்கு 41.2 விழுக்காடும் பலன் கிடைத்தது. யாருக்கு எது என்பதைத் தேர்ந்தெடுக்கும் வேலை மருத்துவருடையது என்பதைத்தான் இந்த இரண்டு ஆய்வுகளும் சேர்ந்து காட்டுகின்றன. நம் ஊரில் 'கரண்ட் வைப்பது' என்றதும் பழைய சினிமாக் காட்சிகளை நினைத்து ஓடுகிறார்கள். மயக்கமும் தசைத் தளர்த்தியும் தராமல் அதைச் செய்வதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்துவிட்டது என்பதை எத்தனை குடும்பங்களுக்கு யார் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள்?

கேட்டமைன் இந்தியாவில் அட்டவணை எக்ஸ் பிரிவில் வரும் மருந்து. சீட்டு இரண்டு பிரதியாக எழுதப்பட வேண்டும், ஒன்றை மருந்து விற்பவர் இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும். போதைக்காகத் திருடப்படும் மருந்து என்பதால் இந்தக் கட்டுப்பாடு. தொடர்ந்து அதிக அளவில் எடுப்பவர்களின் சிறுநீர்ப்பை புண்ணாகிச் சுருங்கிவிடுகிறது, அடிமைத்தனமும் உண்டு. 2023 அக்டோபரில் அமெரிக்க நடிகர் மேத்யூ பெர்ரி இறந்ததற்குக் கேட்டமைனின் கடும் விளைவே முதன்மைக் காரணம் என்று உடற்கூராய்வு சொன்னது. அவருக்கு முறைகேடாக அதைக் கொடுத்ததற்காக மருத்துவர்கள் உட்பட ஐவர் மீது வழக்குப் பாய்ந்தது. அதே நாட்டில் 2019 மார்ச்சில் ஒப்புதல் பெற்ற எஸ்கேட்டமைன் என்ற, கேட்டமைனின் இன்னொரு வடிவமான மூக்குத் தெளிப்பானை வீட்டுக்கு எடுத்துச் செல்ல அனுமதியில்லை. மருத்துவ இடத்திலேயே போட்டுக்கொண்டு குறைந்தது இரண்டு மணி நேரம் கண்காணிப்பில் இருந்த பிறகே அனுப்புகிறார்கள், அன்று வண்டி ஓட்டவும் கூடாது. நரம்பில் ஏற்றும் பழைய கேட்டமைனுக்கு மனச்சோர்வுக்கான ஒப்புதல் அங்கேகூட இல்லை. மருத்துவர் தம் பொறுப்பில் கொடுக்கிறார். அப்படியானால் அந்தப் பொறுப்பை யார் ஏற்கிறார், எந்த இடத்தில் ஏற்கிறார் என்பதுதான் முழுக் கேள்வியும்.

இந்த இரு மாவட்டங்களிடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன; அந்த ஊழியர்களிடம் மனச்சோர்வைக் கண்டறிய இரண்டு எளிய கேள்விகளைச் சேர்த்துக் கொடுத்தால் போதும், பாதி வேலை முடிந்துவிடும். தருமபுரியில் மருத்துவக் கல்லூரி 2008 முதல் இருக்கிறது. கிருஷ்ணகிரியில் 2022இல் திறக்கப்பட்டது. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. அறுவை அரங்குகளில் கேட்டமைன் இருக்கிறது, ஆக்சிஜன் இருக்கிறது, மானிட்டர் இருக்கிறது. ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரின் தேசிய மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் எட்டும் தூரம். அந்த மருத்துவமனை நிற்கும் சாலைக்கே ஓசூர் சாலை என்றுதான் பெயர். ஆனால் அரூரிலிருந்தோ சித்தேரி மலையிலிருந்தோ அஞ்செட்டியிலிருந்தோ, கட்டிலை விட்டு எழாத ஒருவரை விடியற்காலைப் பேருந்தில் ஏற்றிப் பெங்களூருக்குக் கொண்டுபோய், வரிசையில் நிறுத்தி, இரவு திரும்ப அழைத்து வருவது எப்படியிருக்கும் என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். அதுவும் ஒவ்வொரு தவணைக்கும்.

2022இல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலையால் இறந்தார்கள் என்கிறது தேசியக் குற்றப் பதிவு அலுவலகம். மகாராஷ்டிரத்துக்கு அடுத்தபடியாக நாம். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆவது பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசு நிதியளிக்கும் சேவைகளில் மனநலச் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவருக்கும் உரிமையாக்கியிருக்கிறது. எட்டாத தொலைவில் இருக்கும் உரிமை எங்கள் ஊருக்குப் பயன்படாது.

நான் கேட்கும் முற்பகலில் என்ன நடக்க வேண்டும் என்பதைப் பணிமூத்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். முதல் வேலை மருந்து ஏற்றுவது அல்ல, பழைய சீட்டுகளைப் பரப்பி வைத்துப் படிப்பது. என் தம்பியின் கதையில் எனக்கே வெட்கமான பகுதி இதுதான். பிறகு ஓர் அரசு மனநல மருத்துவர் அவனுடைய சீட்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது, மூன்று மாத்திரை பலிக்கவில்லை என்று நாங்கள் சொல்லிவந்ததில் ஒன்றை வயிற்றுப் பிரட்டலுக்காகப் பத்தே நாளில் நிறுத்தியிருக்கிறான், இன்னொன்றைத் தொடக்க அளவிலேயே ஏழு மாதம் விழுங்கியிருக்கிறான் என்பது தெரிந்தது. தகுந்த அளவில், தகுந்த காலம், குறைந்தது இரண்டு மருந்துகள் பலிக்காமல் போனால்தான் அதை மருந்துக்கு இணங்காத மனச்சோர்வு என்பார்கள். அந்தக் கணக்கில் அவன் அந்த வரிசைக்கே வந்திருக்கவில்லை. செவிலியரான அக்கா வீட்டிலிருந்தும் இதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. மாட்டை விற்றது அதற்குப் பிறகாவது நடந்திருக்கலாம்.

சீட்டு பார்த்த பிறகு தைராய்டு, இரத்தசோகை, குடிப்பழக்கம், இருதுருவ மனநோயின் (மிகை எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் நோயின்) சாயல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மாத்திரையோடு லித்தியம் என்ற மருந்தைச் சேர்ப்பது போன்ற பழைய, மலிவான, நன்கு அறிந்த வழிகள் முயலப்பட்டனவா என்று கேட்க வேண்டும். லித்தியம் கொடுப்பதென்றால் இரத்தத்தில் அதன் அளவை அடிக்கடி பார்க்க வேண்டும், எங்கள் ஊர்த் தனியார் ஆய்வகமோ மாதிரியை வெளியூருக்கு அனுப்பி நான்கு நாள் காக்க வைக்கிறது, ஆகவே அந்தப் பரிசோதனையை மாவட்டத்துக்குள் கொண்டுவருவது கேட்டமைனைவிடவும் முதல் தேவை என்று சொன்னாலும் நான் மறுக்கமாட்டேன். இவ்வளவுக்கும் பிறகு எஞ்சுபவர்கள் மிகச் சிலராகவே இருப்பார்கள். அவர்களில் கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம் உள்ளவரையும் மனப்பிறழ்வு உள்ளவரையும் கர்ப்பிணியையும் போதைப் பழக்கத்தில் இருப்பவரையும் விலக்கிவிட்டு, மீதமுள்ளவருக்கும் வீட்டாருக்கும் தமிழில், புரியும்படி, இது சில நாளில் மங்கக்கூடும், தொடர்ந்து மாத்திரையும் பேச்சுச் சிகிச்சையும் வேண்டும் என்று சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். மங்கும் நாளில் யாரைக் கூப்பிடுவது என்பது அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும். உயர ஏற்றிவிட்டுக் கீழே விழும்போது ஆளில்லாமல் விடுவது, ஏற்றாமல் இருப்பதைவிடக் கொடியது. நான்கு நாள் நன்றாக இருந்த பிறகு வந்த அந்த மூன்றாம் வாரத்தில்தான் என் தம்பி மிக மோசமாக இருந்தான். இரவுகளில் நாங்கள் அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் எண் 14416ஐ அழைத்தோம். தமிழில் பேசினார்கள், கட்டணமில்லை. அந்த எண் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையச் சுவரிலும் பெரிதாக எழுதப்பட வேண்டும் என்பதையும் இந்தக் கோரிக்கையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

தனியார் நிலையங்கள் பற்றி ஆட்சியர்களுக்கு ஒரு வார்த்தை. இழுத்து மூடுங்கள் என்று நான் சொல்லவில்லை. முறையாகச் செய்பவர்களும் இருப்பார்கள். மனநலச் சிகிச்சைக்குப் பதிவு உண்டா, மயக்க மருத்துவர் அங்கே இருக்கிறாரா, அட்டவணை எக்ஸ் பதிவேடு சரியாக இருக்கிறதா, டிரிப்ஸுக்குப் பிறகு எவ்வளவு நேரம் வைத்திருக்கிறார்கள் என்ற நான்கு கேள்விகளோடு ஓர் ஆய்வுக் குழு ஒரு சுற்று வந்தால் போதும்; பாதி விளம்பரப் பலகைகள் தாமாக இறங்கிவிடும்.

உங்களில் சிலர் இப்படி நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்: மயக்க மருத்துவர் பற்றாக்குறை, பிரசவ அறுவைகளுக்கே ஆள் போதவில்லை, இதில் மனச்சோர்வுக்கு எங்கே ஒதுக்குவது. நானும் அதே அரங்கில் நின்றவள்தான், ஆகவே அதைச் சாக்கு என்று சொல்லமாட்டேன். வாரத்துக்கு இரண்டு பேர், மூன்று பேர் போதும். முதல் ஆறு மாதம் ஒருவருக்குமே கேட்டமைன் கொடுக்காமல் சீட்டுகளை மட்டும் சரிசெய்து அனுப்பினாலும், அந்த முற்பகல் வீணாகாது. என் தம்பிக்குப் பழைய மாத்திரையையே முழு அளவுக்கு உயர்த்தி, இன்னொன்றைச் சேர்த்து எட்டு மாதமாகிறது. முழுவதும் தேறவில்லை. ஆனால் காலையில் எழுகிறான், இந்தப் பட்டத்துக்குத் தக்காளி நாற்று வாங்கியிருக்கிறான். பூச்சிமருந்து இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. தேவைப்படும் நாளில் தேவைப்படும் அளவை நானே எடுத்துக் கொடுக்கிறேன், அவனும் அதைத் தவறாக நினைப்பதில்லை.

டிரிப்ஸ் ஏறும் 40 நிமிடமும் அதன் பிறகான இரண்டு மணி நேரமும் நோயாளியின் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை என்பதுதான் கடைசித் தடையாக இருக்குமானால், ஊதியம் எதுவும் வேண்டாம், நான் வருகிறேன். பாலக்கோட்டிலிருந்து முதல் பேருந்து பிடித்தால் எட்டு மணிக்குத் தருமபுரியில் இருப்பேன். இரத்த அழுத்தக் கருவி என்னிடமே இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு செவிலியர் ஒருவர்,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்